கேம் போயை வெயிலில வைக்க முதல்



போன எபிசோடில பழைய கேம் கொன்சோல்களைப் பற்றிக் கதைச்சம். அதுக்குப் பிறகு வந்த வொய்ஸ் மெசேஜ்களில பாதி ஒரே கேள்விதான். "வீடு மாறேக்க என்ர பழைய கேம் போய் கிடைச்சுது. மஞ்சளாப் போச்சு, பற்றரி போடுற இடத்தில வெள்ளையா ஏதோ பூத்திருக்கு. யூரியூப்பில பெரொக்சைட் பூசி வெயிலில வைக்கச் சொல்லுறாங்கள். வைக்கலாமா?" ஒலியில இதுக்குப் பதில் சொன்னா ரெண்டு நிமிஷத்தில முடிஞ்சிடும். அந்த ரெண்டு நிமிஷத்தை நம்பி ஆரும் ஸ்குறூ டிரைவரைக் கையில எடுக்கக் கூடாது எண்டதால இந்த முறை நியூஸ்லெற்றர் கொஞ்சம் நீளம்.

சுருக்கமான பதில்: வைக்காதேங்கோ. நீளமான பதில் கீழே இருக்கு.

ஒன்லைனில இன்னொரு கேம் போய் வாங்கலாம்தானே, ஏன் இவ்வளவு யோசிக்கோணும் எண்டு கேப்பீங்கள். வாங்கலாம். ஆனா எங்கட வீடுகளை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. பலெர்மோவுக்குத் தமிழ்ச் சனம் 80களில இருந்து வரத் தொடங்கினது. ஒரு சூட்கேஸோட வந்த ஆக்கள். தாத்தா இருந்த கதிரை, அப்பம்மாவின்ர தையல் மெசின் எண்டு பரம்பரைச் சாமான் எதுவும் இங்க கிடையாது. பலருக்கு ஊரில இருந்த வீட்டின்ர படம்கூட இல்லை. இங்க பிறந்து வளர்ந்த பிள்ளையளின்ர சின்ன வயசுக்குச் சாட்சி எண்டு பாத்தால் பள்ளிக்கூடப் படங்கள், சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரீனோ ஏறின நாளில எடுத்த படங்கள், பிறகு அலுமாரிக்கு மேல கறுப்புப் பையில கட்டி வைச்ச விளையாட்டுச் சாமான்கள். இப்ப வடக்கு இத்தாலிக்கு, லண்டனுக்கு எண்டு குடும்பங்கள் வெளிக்கிடேக்க அந்தக் கறுப்புப் பைதான் முதல்ல குப்பைக்குப் போகுது.

அந்தச் சாமான்களில நிறைய புதுசா வாங்கினதும் இல்லை. அம்மா வீட்டு வேலைக்குப் போன இடத்தில சின்யோரா குடுத்தது, இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை பியாஸ்ஸா மரீனாவில அப்பா பேரம் பேசி வாங்கினது. பற்றரி மூடிக்கு உள்பக்கம் பேனையால எழுதின ஒரு இத்தாலியப் பிள்ளையின்ர பேர் இருக்கும். அதுக்குக் கீழ உங்கட அண்ணா எழுதின தன்ர பேர் இருக்கும். இந்த ஊரில நாங்கள் எப்படி வளர்ந்தம் எண்டதுக்கு அந்த மூடியை விட நேர்மையான ஆவணம் எனக்குத் தெரியாது. ஐசோபுரப்பைல் அல்ககோலில நனைச்ச பஞ்சால ஒருக்காத் துடைச்சா ரெண்டு பேரும் மூண்டு செக்கனில போயிடுவினம். சாமான் "கிளீன்" ஆயிடும்.

பூப்பியிட்ட கேளுங்கோ

பழைய சாமானைத் திருத்திறதா, அப்பிடியே பேணுறதா எண்ட சண்டை பலெர்மோவுக்குப் புதுசில்லை. சிசிலியின்ர பூப்பி, அதுதான் கவசம் போட்ட பாவைகள், பாத்திருப்பீங்கள். பள்ளிக்கூடத்தில ஒருக்காவாவது கூட்டிக்கொண்டு போயிருப்பினம். பலெர்மோப் பாவை கிட்டத்தட்ட 80 சென்ரிமீற்றர் உயரம், 8 தொடக்கம் 10 கிலோ பாரம், முழங்கால் மடங்கும், வாளை உறையில இருந்து உருவும். கத்தானியாப் பாவைகள் இதை விடப் பெரிசு, பாரம் கூட, முழங்கால் மடங்காது. ஒர்லாந்தோ, ரினால்தோ கதையை இரவு இரவாத் தொடர்ந்து ஆடுவினம், எங்கட கூத்து மாதிரி. 2001இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தலைசிறந்த மரபு எண்டு அறிவிச்சு, 2008இல் மனிதகுலத்தின்ர பண்பாட்டு மரபுப் பட்டியலில சேர்த்தது.

பாவையாட்டியை இங்க பூப்பாரோ எண்டு சொல்லுவினம். அவருக்குப் பாவை எண்டால் வேலைக்காரன். இரவு மேடையில அடிபட்டு நசுங்கின கவசத்தை அடுத்த நாள் தட்டி நிமித்துவார், துலக்குவார். கிழிஞ்ச உடுப்புக்குப் புதுசு தைப்பார், பெயின்ற் போன முகத்துக்குத் திரும்பப் பூசுவார். அதில பிழை ஒண்டும் இல்லை. பாவை ஆடோணும், அதுதான் அதின்ர சீவியம்.

பிறகு சினிமாவும் ரிவியும் வந்து பாவைக் கொட்டகைகள் ஒவ்வொண்டா மூடத் தொடங்கினது. பாவைகள் பழைய சாமான் வியாபாரிகளிட்டப் போச்சுது. அந்த நேரம் அன்ரோனியோ பஸ்குவாலீனோ எண்ட ஒருவர், தொழிலால சத்திரசிகிச்சை மருத்துவர், பாவைகளைச் சேர்க்கத் தொடங்கினார். 1965இல் மக்கள் மரபுகளைப் பேணுறதுக்கு ஒரு சங்கம், 1975இல் பாவை அருங்காட்சியகம். இண்டைக்கும் பியாஸ்ஸா மரீனாவில இருந்து நடந்து போற தூரத்தில, வீயா பூத்தேராவுக்குப் பக்கத்தில அவற்ர பேரிலயே இருக்கு. அங்க இருக்கிற பாவையைத் துலக்கிப் பளபளப்பாக்க மாட்டினம். ஒவ்வொரு தரம் பித்தளையைத் துலக்கேக்கயும் மெல்லிசா ஒரு படை உலோகம் போகுது, அதோட அந்தக் கவசத்தில சம்மட்டி விழுந்த அடையாளமும் போகுது.

ஒரே பொருள்தான், ஆனா ரெண்டு வேலை. அதால உங்கட சாமானைத் தொட முதல் கேக்க வேண்டிய கேள்வி "எப்படித் திருத்திறது" இல்லை, "இது இனி என்ன வேலை பாக்கப் போகுது" எண்டதுதான். அக்காவின்ர மகன் விளையாடப் போறானா? இல்லாட்டி இது ஒரு ஆவணமா? ரெண்டுக்கும் பதில் வேற வேற. ரெண்டும் ஒண்டாச் சரி வராது எண்டதுதான் என்ர அபிப்பிராயம். அதுக்குக் காரணம் பிள்ளையளின்ர பாதுகாப்பு, அதைப் பிறகு சொல்லுறன்.

ரோல்பேக் இல்லாத டிப்ளொய்மென்ற்

இத்தாலிக்கு இந்த விசயத்தில ஒரு குரு இருக்கிறார், ச்சேசரே பிராந்தி. 1939இல் ரோமில தொடங்கின மத்திய மறுசீரமைப்பு நிறுவனத்தின்ர முதல் இயக்குநர். பிறகு எங்கட பலெர்மோ பல்கலைக்கழகத்தில கலை வரலாறு படிப்பிச்சவர். 1963இல் அவற்ர மறுசீரமைப்புக் கோட்பாட்டுப் புத்தகம் வந்தது. அந்த நிறுவனம் வளர்த்தெடுத்த ஒரு நுட்பம் எனக்கு நல்ல விருப்பம். ஓவியத்தில பெயின்ற் கொட்டுண்ட இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால நிரப்புவினம். தூர நிண்டு பாத்தால் ஓவியம் முழுசாத் தெரியும். கிட்டப் போனா கோடுகள் தெரியும், அதாவது இது பழசு, இது நாங்கள் சேர்த்தது எண்டு பொய் சொல்லாம நிக்கும்.

கோட் எழுதுற ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. செய்யிறதைத் திருப்பி எடுக்கக் கூடியதாச் செய்யோணும். என்ன மாத்தினது எண்டு பதிவு இருக்கோணும். எவ்வளவு குறைவா மாத்தலாமோ அவ்வளவு குறைவா மாத்தோணும். நாங்கள் வேலை இடத்தில தினமும் அழுது அழுது பழகின மூண்டு விசயமும் இதுதான். பெரொக்சைட் பூசி வெயிலில வைக்கிறது, பக்கப் இல்லாம வெள்ளிக்கிழமை பின்னேரம் மெயின் பிராஞ்சில ஃபோர்ஸ் புஷ் குடுக்கிற மாதிரி.

அதால முதல் வேலை கழட்டிறது இல்லை, படம் எடுக்கிறது. யன்னல் வெளிச்சத்தில ஆறு பக்கமும் எடுங்கோ. சீரியல் நம்பர், ஸ்ரிக்கர், கீறல், உள்ள எழுதின பேர் எல்லாம் கிட்ட வைச்சு எடுங்கோ. ஒரு சின்ன அளவுகோலைப் பக்கத்தில வைச்சால் இன்னும் நல்லம். ஒரு ரெக்ஸ்ற் ஃபைலில திகதி போட்டு, இது ஆற்ற, எங்க வாங்கினது, ஆர் தந்தது எண்டு எழுதுங்கோ. அம்மாவிட்டக் கேளுங்கோ. கேக்கேக்க போனில ரெக்கோர்ட் பண்ணுங்கோ. உண்மையா, இந்த முழு வேலையிலயும் பெறுமதி கூடின பகுதி அந்தப் பத்து நிமிஷ ஒலிப்பதிவாத்தான் இருக்கும்.

மூக்கால பாருங்கோ

பிளாஸ்ரிக் எண்டு ஒரு பொருள் இல்லை, நிறைய இருக்கு. எது எண்டு தெரியாம எதையும் ஊத்தக் கூடாது. பிளாஸ்ரிக் பேணுற ஆக்கள் நாலு வகையைத்தான் பிரச்சினைக்காரர் எண்டு சொல்லுவினம்.

முதலாவது செலுலோயிட். பியாஸ்ஸா மரீனாவில, கத்தீட்ரலுக்குப் பக்கத்து பியாஸ்ஸா பெரானியில எல்லாம் மெல்லிசா, பாரமே இல்லாத பழைய பொம்மைகள் இருக்கும். விரலால கொஞ்ச நேரம் தேய்ச்சு மணந்து பாருங்கோ. கற்பூர வாசம் வந்தால் அது செலுலோயிட். கோயில் ஞாபகம் வரும், வரட்டும், அது உண்மையாவே கற்பூரம்தான். நைத்திரோசெலுலோசை வளையப் பண்ணச் சேர்த்தது. இது மிச்சம் கெதியா நெருப்புப் பிடிக்கிற சாமான். குத்துவிளக்குக்குப் பக்கத்தில, சுவாமிப் படத்துக்கு முன்னால, அடுப்படியில வைக்கவே கூடாது. சில ஆக்கள் சூடாக்கின ஊசியால குத்திப் பரிசோதிக்கச் சொல்லுவினம். அதைச் செய்யாதேங்கோ. பழுதாகேக்க இதில இருந்து வாற அமில வாயு பக்கத்தில இருக்கிற உலோகத்தையும் அரிக்கும், அதால தனியா, காத்தோட்டமா வையுங்கோ.

வினாகிரி மணம் வந்தால் செலுலோஸ் அசற்றேற். 1963க்கு முதல் வந்த லெகோக் கட்டைகள் இந்த வகை, அதுக்குப் பிறகுதான் ஏபிஎஸ்சுக்கு மாறினவை. தொட்டா நொருங்கி மாவாகிற ஸ்பொஞ் எண்டால் பொலியூரத்தேன். அதுக்குச் செய்யக் கூடியது ஒண்டும் பெரிசா இல்லை, தொடாம இருக்கிறதைத் தவிர.

நாலாவதுதான் எங்கட வீடுகளில கூட இருக்கிறது: மெத்தென்ற பிவிசி. பொம்மையின்ர கை, கால், குளிக்கேக்க விளையாடுற வாத்து. பழசானா ஒட்டும், பிசுபிசுக்கும். அது ஊத்தை இல்லை, மெதுவாக்கச் சேர்த்த இரசாயனம் வெளியில வாறது. பழைய பார்பிகளின்ர தோட்டைச் சுத்திப் பச்சையாகிறதும் இதோட சேர்ந்த கதை, தோட்டில இருக்கிற செம்பு அரிச்சுப் பிளாஸ்ரிக்குக்குள்ள போறது. இளஞ்சூடான தண்ணியில ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு, பிழிஞ்ச சீலையால ஒத்தி எடுக்கலாம். கையுறை போடுங்கோ. அல்ககோல், அசற்றோன் ரெண்டும் கிட்ட வரக் கூடாது. பிறகு மற்றப் பிளாஸ்ரிக் சாமானோட முட்டாம வையுங்கோ, ஏனெண்டால் வெளியில வாற அந்த எண்ணெய் பக்கத்தில இருக்கிறதையும் உருக்கும்.

பற்றரிக்குள்ள பூத்த வெள்ளைப் பூ

இனி கேம் போய். 1989இல் ஜப்பானில வந்தது, ஐரோப்பாவுக்கு 1990. நாலு டபுள் ஏ பற்றரி. அல்கலைன் பற்றரிக்குள்ள இருக்கிறது பொற்றாசியம் ஐதரொட்சைட், நல்ல காரம். கசிஞ்சு வெளியில வந்து காத்தில இருக்கிற கார்பன் டையொக்சைட்டோட சேர்ந்து வெள்ளைப் பொருக்காகும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை. விளையாட்டில்லை, கண்ணில பட்டால் பாரதூரம்.

முதல்ல பற்றரியை எடுத்துப் போட்டு, காய்ஞ்ச தூரிகையால பொருக்கை ஒரு கடுதாசிக்கு மேல தட்டுங்கோ. மிச்சத்துக்கு வெள்ளை வினாகிரியில தொட்ட பஞ்சுக்குச்சி. தொட்டதுதான், தோய்ச்சது இல்லை. மெல்லிசா நுரைக்கும், அது காரமும் அமிலமும் சண்டை பிடிக்கிற சத்தம். எலுமிச்சம்பழம் வேண்டாம். சிசிலியில தெருவெல்லாம் காய்க்குது எண்டாலும் அதில சீனி இருக்கு, ஒட்டும். பிறகு தண்ணி தொட்ட குச்சி. பைப் தண்ணி வேண்டாம், பலெர்மோத் தண்ணியில கல்கார் கூட எண்டது உங்கட மொக்காவைப் பாத்தாலே தெரியும். உடுப்பு அயர்ன் பண்ண விக்கிற அக்வா தெமினெராலிசாத்தா போதும். கடைசியா ஐசோபுரப்பைல் அல்ககோல், காய வைக்கிறதுக்கு.

இதில ஒரு இத்தாலி எச்சரிக்கை. சூப்பர்மார்க்கெற்றில ரோஸ் கலரில ஒரு போத்தல் அல்ககோல் விக்கும். எல்லா வீட்டிலயும் இருக்கும், அம்மா யன்னல் துடைக்கிறது. அது வேற சாமான். சாயம் போட்ட, ஆரும் குடிக்காம இருக்க மருந்து கலந்த எத்தனோல். உங்களுக்கு வேண்டியது அல்கோல் ஈசோபுரொப்பீலிக்கோ எண்டு எழுதினது, நிறமில்லாதது.

இன்னொண்டு. மிச்சம் பழைய, மலிவான சாமானுக்குள்ள இருக்கிறது அல்கலைனா எண்டு பாருங்கோ. சின்க்-கார்பன் பற்றரியில இருந்து கசியிறது அமிலப் பக்கம். அதுக்கு வினாகிரி விட்டால் பிரச்சினை கூடும். பிக்கார்பொனாத்தோவைத் தண்ணியில கொஞ்சமாக் கரைச்சுத் தொடோணும். பற்றரியின்ர பேர் அழிஞ்சு போய் எது எண்டு தெரியாட்டி, ரெண்டையும் விட்டுட்டு அந்த அயர்ன் தண்ணியோட மட்டும் நில்லுங்கோ.

பச்சையான கொன்ராக்ற் தகட்டைக் கடதாசி போட்டு உரஞ்சிற ஆக்கள் இருக்கினம். அதுக்கு மேல நிக்கல் பூச்சு இருக்கு, உரஞ்சினால் அது போய் உள்ள இருக்கிறது இன்னும் கெதியா அரிபடும். கரண்ட் போகுதா? போகுது எண்டால் விட்டுடுங்கோ, வடிவு தேவையில்லை.

7 எழுத்துக்குள்ள உங்கட பேர்

கார்ட்ரிட்ஜில போக்கிமோன் இருந்தால் ஒண்டும் செய்யாதேங்கோ, இதை வாசிச்சு முடியுங்கோ. 1999இல் இத்தாலியில போக்கிமோன் சிவப்பும் நீலமும் வந்தது. எங்கட செற்றில இத்தாலியன் வாசிக்கப் பழகினதே அதிலதான் எண்டு சொல்லுற ஆக்கள் குறைவில்லை. அந்தக் கார்ட்ரிட்ஜில நீங்கள் சேவ் பண்ணின ஆட்டம் எங்க இருக்கு தெரியுமா? 32 கிலோபைற் ராம். ராம் எண்டால் கரண்ட் போனா மறந்திடும். மறக்காம இருக்க உள்ளுக்கு ஒரு சின்ன நாணயப் பற்றரி வெல்ட் பண்ணிக் கிடக்கு. 25 வருசத்துக்கு மேலாச்சு. கொஞ்சம் ஏற்கனவே செத்திட்டுது, மிச்சம் செத்துக்கொண்டிருக்கு.

அதுக்குள்ள இருக்கிறது போக்கிமோன் மட்டும் இல்லை. ஆட்டக்காரர் பேருக்கு 7 எழுத்துத்தான் இடம். கார்த்திகா எண்ட பேரை லத்தீன் எழுத்தில எழுத 8 வேணும். அப்ப எந்த எழுத்தை வெட்டினீங்கள்? உங்கட எதிரிக்கு என்ன பேர் வைச்சீங்கள்? தம்பின்ர பேரா, வகுப்பில அடிபட்ட பெடியன்ர பேரா? பத்து வயசில நீங்கள் எடுத்த முடிவுகள் அந்த 32 கிலோபைற்றுக்குள்ள இருக்கு, வேற எங்கயும் இல்லை.

பற்றரியைக் கழட்டினால் எல்லாம் போயிடும். அதால முதல் டம்ப். யூஎஸ்பியில குத்துற கார்ட்ரிட்ஜ் ரீடர்கள் இருக்கு, ஜிபிஎக்ஸ்கார்ட் மாதிரி. கார்ட்ரிட்ஜின்ர கொன்ராக்றை ஐசோபுரப்பைல் தொட்ட குச்சியால துடைச்சுக் காய விடுங்கோ. வாயால ஊதாதேங்கோ, எச்சில் ஈரம் அரிக்கும், நின்ரென்டோவே வேண்டாம் எண்டு சொன்னது. பிறகு சேவை ரெண்டு தரம் தனித்தனியா வாசியுங்கோ. ரெண்டு ஃபைலுக்கும் ஹாஷ் எடுத்து ஒப்பிடுங்கோ. ஒண்டா இருந்தால் மூண்டு இடத்தில வையுங்கோ, அதில ஒண்டு வீட்டுக்கு வெளியில. ஒரு எமுலேற்றரில திறந்து, பேர் வருதா எண்டும் பாருங்கோ. ஹாஷ் சரியா இருந்தாலும் உள்ள வெறும் பூச்சியமா இருக்கலாம்.

அதுக்குப் பிறகுதான் பற்றரி மாத்திறது. கார்ட்ரிட்ஜைத் திறக்க 3.8 மில்லிமீற்றர் விசேஷ பிற் வேணும், கேம் போயின்ர முதுகுக்கு மூண்டு சிறகு ஸ்குறூ டிரைவர். சாதாரணக் கத்தியால நெம்பினால் அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருக்கும். காலில தகடு வெல்ட் பண்ணின பற்றரியாப் பாத்து வாங்குங்கோ. வெறும் நாணயப் பற்றரிக்கு நேரா சோல்டர் சூடு வைக்கக் கூடாது, வெடிக்கும். சோல்டர் பண்ணத் தெரியாட்டி தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ, இதில பெருமை பாக்க ஒண்டும் இல்லை. மாத்தின பிறகு டம்ப்பைத் திருப்பி எழுதலாம். செத்த பற்றரியை உள்ள விட்டு வைக்கிறதை விட எடுக்கிறது நல்லம், கசிஞ்சால் போர்டே போயிடும். அதால இது குறைந்தபட்சத் தலையீடு எண்ட விதிக்குள்ளதான் வரும். எடுத்ததைப் படம் பிடிச்சிட்டு, சூப்பர்மார்க்கெற்றில இருக்கிற பற்றரிப் பெட்டிக்குள்ள போடுங்கோ.

சரி, அந்த மஞ்சள்?

கேம் போயின்ர கோது ஏபிஎஸ். அதுக்குள்ள இருக்கிற இறப்பர்ப் பகுதியை வெளிச்சமும் ஒட்சிசனும் தாக்கினால் மஞ்சளாகும். சில சாமான்களில தீப்பிடிக்காம இருக்கச் சேர்த்த புரோமீன் சேர்வைகளும் அதுக்குக் காரணம். 2008 அளவில பழைய கொம்பியூட்டர் ஆர்வலர்கள் ஐதரசன் பெரொக்சைட்டையும் புற ஊதா ஒளியையும் சேர்த்து வெளுக்கிற முறையைப் பரப்பினவை, பேர் ரெற்றோபிரைற். வேலை செய்யும், பொய் இல்லை. ஆனா அது நிறத்தைத்தான் எடுக்குது, பழுதான பிளாஸ்ரிக்கைப் பழையபடி ஆக்காது. சமமாப் பூசாட்டி மாபிள் மாதிரித் திட்டுத் திட்டா வரும், அதைத் திருப்ப வழியில்லை. கொஞ்சக் காலத்தில பலதுக்கு மஞ்சள் திரும்பியும் வருது. சலூன் கடையில விக்கிற 12 சதவீதக் கிரீம் தோலைச் சுடும், கண்ணுக்கு இன்னும் மோசம். ஜூலை மாசம் பலெர்மோ மொட்டைமாடியில என்ன வெயில் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

வெள்ளையாத்தான் வேணும் எண்டு நிக்கிறீங்கள் எண்டால் ஒரு வழி இருக்கு. புதுக் கோது தனியா விக்குது. போர்டைக் கழட்டிப் புதுக் கோதுக்குள்ள போடுங்கோ, மஞ்சள் கோதை அந்த ரெண்டு பேரோடயும் பெட்டியில வையுங்கோ. எப்ப வேணுமெண்டாலும் திருப்பி மாத்தலாம். பூப்பாரோவும் சந்தோஷம், அருங்காட்சியகமும் சந்தோஷம்.

உடைஞ்சதை ஒட்டிறதிலயும் இதே கணக்கு. சூப்பர் குளூ ஒட்டினால் ஒட்டினதுதான். அருங்காட்சியகங்களில பரலொயிட் பி-72 எண்ட பிசினைப் பாவிக்கிறது, அசற்றோனில திரும்பக் கரையும் எண்டதாலதான். ஆனா ஏபிஎஸ்சும் அசற்றோனில கரையும், அதால பிளாஸ்ரிக் சாமானுக்கு அது சரி வராது. உடைஞ்ச துண்டைச் சின்னப் பையில போட்டு, சாமானோட பருத்தி நாடாவால கட்டி வையுங்கோ.

வாயில வைக்கிற வயசு

இப்ப மருமகன் விசயத்துக்கு வருவம். பழைய சாமானைப் பேணுற முறையும், பிள்ளைக்குக் குடுக்கிற முறையும் ஒண்டில்லை எண்டு மேல சொன்னன்.

ஐரோப்பாவில விளையாட்டுச் சாமானுக்கு முதல் பொதுச் சட்டம் 1988இல், சிஈ அடையாளம் அதோடதான் வந்தது. மெத்தென்ற பிவிசியில பாவிச்ச தாலேற்றுகளுக்கு 1999இல் தற்காலிகத் தடை, 2005இல் நிரந்தரச் சட்டம்: மூண்டு முக்கிய தாலேற்றுகள் 0.1 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. அப்ப நீங்கள் சூப்பிக் கடிச்ச ரப்பர் வாத்து இந்தச் சட்டத்துக்கு முந்தினது. 2018இல் பிளிமத் பல்கலைக்கழகத்தில அன்ட்ரூ ரேனர் 200 பழைய பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான்களைச் சோதிச்சு வெளியிட்ட ஆய்வில ஈயம், கட்மியம், குரோமியம் எல்லாம் கண்டவர், முக்கியமா மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில. நாங்கள் விளையாடி ஒண்டும் ஆகேல்லையே எண்டு மாமா சொல்லுவார். ஈயம் ஒரே நாளில வேலை காட்டிறதில்லை, மாமாவுக்கு மரியாதையோட சொல்லுங்கோ.

பழைய பெயின்ற் பூசின மரச் சாமான், தகரச் சாமானை உரஞ்சாதேங்கோ. உரஞ்சின தூசுதான் ஆபத்து. ஈரச் சீலையால துடைச்சு, தட்டில உயர வையுங்கோ. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில, நாணயப் பற்றரி போடுற மூடி ஸ்குறூ இல்லாமத் திறக்குது எண்டால் பற்றரியை எடுத்திட்டு மட்டும் வையுங்கோ. லித்தியம் நாணயப் பற்றரியை விழுங்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ள தொண்டைக் குழாய் வெந்து போகலாம். விழுங்கினதா எண்டு சந்தேகம் வந்தாலே 112, வாந்தி எடுக்க வைக்காதேங்கோ. பழைய ரயில் செற்றின்ர ட்ரான்ஸ்ஃபோமரைச் சுவரில குத்திப் பாக்கவும் வேண்டாம். இன்சுலேசன் காய்ஞ்சு வெடிச்சிருக்கும்.

ஊரில இருந்து வந்தது

சில வீடுகளில பனையோலைக் கிலுகிலுப்பை இருக்கும், ஆரோ ஒரு ஆச்சி ஊரில இருந்து குடுத்து விட்டது. அல்லது இந்தியாவுக்குப் போய் வந்த ஆக்கள் கொண்டு வந்த சென்னபட்டணாப் பொம்மை. இந்த ரெண்டும் எங்களிட்ட இருக்கிற மற்ற எல்லாத்தையும் விட மென்மையானது.

சென்னபட்டணாப் பொம்மைக்கு மேல மினுங்கிறது பெயின்ற் இல்லை, அரக்கு. அரக்கு அல்ககோலில கரையும். கேம் போய்க்கு எடுத்த அதே குச்சியை இதில வைச்சால் நிறம் குச்சியோட வரும். காய்ஞ்ச மெல்லிய தூரிகை போதும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை கடுதாசிக்கூழிலயோ களிமண்ணிலயோ செய்தது, அதுக்குத் தண்ணியே காட்டக் கூடாது.

பனையோலைக்கு எதிரி பூச்சியும் ஈரமும். கீழ மா மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் உள்ள ஆரோ குடியிருக்கினம். மருந்து அடிக்காதேங்கோ. பொலித்தீன் பையில போட்டு, காத்தை வெளியேத்தி, இறுக்கி ஒட்டி, டீப் பிரீசரில மைனஸ் 20 பாகையில ஒரு கிழமை விடுங்கோ. எடுத்த உடன பையைத் திறக்காம, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு, ஒரு நாள் கழிச்சுத் திறவுங்கோ, இல்லாட்டி ஈரம் ஓலையில படியும். மாட்டிறைச்சிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில கிலுகிலுப்பை இருக்கிறதைப் பாத்து வீட்டில கத்துவினம், பையில "சாப்பாடில்லை" எண்டு எழுதி விடுங்கோ. துணிப் பொம்மைக்கும் இதே முறைதான். மரத்தில அரக்கு, பெயின்ற் பூச்சு இருந்தால், கண்ணாடி ஒட்டியிருந்தால் பிரீசர் வேண்டாம்.

பிறகு எங்க வைக்கிறது? பல்கனியில இருக்கிற இரும்பு அலுமாரி வேண்டாம், கோடையில அடுப்பு. கடல் ஈரம் ஏறுற கீழ்மாடிக் கன்ரீனாவும் வேண்டாம். வீட்டுக்குள்ள, படுக்கை அறை அலுமாரியின்ர நடுத்தட்டு, வெளிச்சம் படாத இடம். செருப்புப் பெட்டி போதும், அமிலமில்லாத வெள்ளை ரிசூக் கடுதாசி சுத்தினால் இன்னும் நல்லம், பேப்பர் சுத்த வேண்டாம், மை ஒட்டும். பற்றரி எல்லாம் வெளியில. ஒரு சாமானுக்கு ஒரு பெட்டி. மூடிக்கு மேல பென்சிலால பேர், திகதி, ஒலிப்பதிவு ஃபைலின்ர பேர். வருசத்துக்கு ஒருக்காத் திறந்து மணந்து பாருங்கோ.

சேவ் டம்ப் எடுக்க ரீடர் இல்லாத ஆக்கள் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கோ. என்னட்ட ஒண்டு இருக்கு, பலெர்மோவுக்குள்ள எண்டால் சனிக்கிழமை பின்னேரத்தில கொண்டு வரலாம். 7 எழுத்துக்குள்ள என்ன பேர் வைச்சிருந்தீங்கள் எண்டும் எழுதுங்கோ, அடுத்த எபிசோடில வாசிக்கிறம்.